குசினியைக் கட்டங்கட்டமாகத் திருத்துவது: மட்டக்களப்பு வீட்டுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் குசினியில் நாங்கள் முதலில் செய்த வேலை டைல் ஒட்டியது. முதல் பிழையும் அதுதான். சீட்டுக் காசு கைக்கு வந்த கிழமையே அடுப்புக்குப் பின்னால் வெள்ளை டைல் பளபளவென்று ஏறிவிட்டது. மூன்று மாதத்தில் அந்தச் சுவரின் மறுபக்கம் ஈரம் பூத்தது. சுவருக்குள் ஓடிய பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்துக் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. புது டைலை உளியால் உடைத்துத்தான் குழாயை வெளியே எடுத்தோம். திரும்பப் போய்க் கேட்டால் கடையில் அதே டைல் முடிந்துவிட்டது. இப்போது எங்கள் சுவரில் ஒரு வரிசை மட்டும் வேறு வெள்ளை. வீட்டுக்கு வருகிற மச்சாள்மார் எல்லாருக்கும் அதுதான் முதலில் கண்ணில் படுகிறது.

இது 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை போன பிறகு அம்மம்மா திருப்பிக் கட்டிய வீடு. எங்கள் பக்க வழக்கப்படி அம்மாவுக்கு வந்து, பிறகு எனக்கு வந்தது. குசினி 12 அடி நீளம், 10 அடி அகலம். ஒரேயடியாக இடித்துக் கட்டக் காசில்லை. அதனால் நான்கு வருடத்தில், சீட்டு விழுந்தபோதும் முன்மாரி நெல் விற்றபோதும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தோம். அதில் அறிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

கட்டங்கட்டமாகச் செய்கிறவர்களுக்கு இரண்டே விதிதான். சுவருக்குள்ளும் நிலத்துக்குள்ளும் போகிற வேலை முதலில், கண்ணுக்குத் தெரிகிற வேலை கடைசியில். அடுத்தது, எந்தக் கட்டம் முடிந்தாலும் அன்று இரவு அங்கே சோறு காய்ச்ச முடிய வேண்டும். அடுத்த சீட்டு பிந்தலாம், வீட்டில் ஒருவருக்கு வருத்தம் வரலாம், வேலை ஒரு வருடம் நின்றுபோகலாம். பாதி உடைத்த குசினியோடு ஒரு வருடம் இருக்க முடியாது.

காசில்லாத முதல் மாதம்

ஒரு பயிற்சிக் கொப்பி வாங்குங்கள். ஒரு மாதம் எதையும் உடைக்காமல் குசினியைக் கவனித்து எழுதுங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, புகை எந்தப் பக்கம் திரும்புகிறது, மழைக்கு எந்த மூலை ஒழுகுகிறது, காலையில் எத்தனை தரம் பிரிட்ஜுக்கும் அடுப்புக்கும் இடையே நடக்கிறீர்கள் என்றெல்லாம். எங்கள் வீட்டில் சிங்க் ஒரு மூலையிலும் அடுப்பு எதிர் மூலையிலும் இருந்தன. அரிசி களைந்த பானையைத் தூக்கிக்கொண்டு அம்மா நாற்பது வருடம் அந்த 12 அடியைக் கடந்திருக்கிறார். கொப்பியில் எழுதிப் பார்க்கும்வரை அது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை.

அப்புறம் பாவிக்காத சாமானை வெளியே எடுங்கள். மூடியில்லாத டப்பா, பிடியில்லாத தாச்சி, சீதனமாக வந்து பெட்டி பிரிக்காமல் இருக்கும் கோப்பைகள் எல்லாம். பெரும்பாலான வீட்டில் குசினி சின்னதில்லை, சாமான்தான் கூட. இதைச் செய்யாமல் அலுமாரிக்கு அளவு கொடுத்தால், பாவிக்காத பொருளுக்குக் காசு கொடுத்து வீடு கட்டுவதாக முடியும்.

மேடை வரப்போகும் இடத்தைத் தரையில் சோக்கால் கீறுங்கள். கடையில் அட்டைப்பெட்டி வாங்கி அதே உயரத்துக்கு அடுக்கி, மேலே ஒரு பலகையைப் போட்டு, ஒரு கிழமை அதில் வெங்காயம் வெட்டிப் பாருங்கள். முழங்கையை மடித்து நின்றால், முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே இருப்பதுதான் வேலைக்குச் சுகமான உயரம். மேசன்மார் கேட்காமலே 3 அடி வைத்துவிடுவார்கள். என் அம்மாவுக்கு அது நெஞ்சுக்குக் கிட்ட வரும். அவர் நின்று வெட்டிப் பார்த்து, 32 அங்குலம் என்று நாங்கள் முடிவுசெய்தோம்.

எந்த மாதத்தில் எது

எங்கள் மாவட்டத்தில் இது காசைப் போலவே முக்கியம். வாடைக் காற்றோடு வரும் மழை ஐப்பசியில் தொடங்கித் தை வரை நிற்கும். அந்த மாதங்களில் மணலுக்கடியில் தண்ணீர் மட்டம் மேலே வந்துவிடும், கிழங்கு பிடுங்குகிற ஆழத்திலேயே ஊறும் வளவுகளும் உண்டு. நிலத்தைத் தோண்டுகிற வேலை, கூரை திறக்கிற வேலை இரண்டையும் சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில் முடித்துவிடுங்கள். கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் பூச்சு வேலை செய்தால் வெயிலும் காற்றும் ஈரத்தை உறிஞ்சி வெடிப்பு விழும். காலையும் பின்னேரமும் தண்ணீர் தெளிக்க ஆளிருந்தால் மட்டும் அப்போது பூசுங்கள்.

இன்னொன்று. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் தீர்த்தம், நோன்பு மாதம், அறுவடைக் கிழமைகள் எல்லாவற்றையும் கலண்டரில் முதலே வட்டமிடுங்கள். அந்த நாட்களில் ஆள் கிடைக்காது, கிடைக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அடுப்பைப் பிடுங்கிப்போட்ட மறுநாள் கோயில் கதவு திறக்கிற சடங்கு வந்தால் பட்டினி உங்களுக்குத்தான்.

முன்கூட்டி வாங்கலாமா?

விலை ஏறும் என்ற பயத்தில் எல்லாவற்றையும் வாங்கிக் குவிப்பது 2022க்குப் பிறகு எல்லாருக்கும் வந்த பழக்கம். சீமெந்து விலை நாளுக்கு நாள் மாறியதைப் பார்த்த ஆட்கள் நாங்கள். ஆனாலும் எல்லாச் சாமானும் காத்திருக்காது.

மண்ணும் சல்லியும் காத்திருக்கும். பூனை அசுத்தம் பண்ணாமல் மூடிவைத்தால் போதும். கியூப் கணக்கில் வருவதால், ஒரு கியூப் என்றால் 100 கன அடி, பக்கத்து வீட்டாரோடு பங்கு போட்டால் லாபம். சீமெந்து காத்திருக்காது. எங்கள் ஈரக் காற்றில் மூன்று மாதம் வைத்தால் பலம் குறையும், விளிம்பில் கட்டி விழும். இந்தக் கட்டத்தில் மிஞ்சிய அரைப் பையை அடுத்த சீட்டுக்கு வைத்திருக்கலாம் என்று நினைக்க வேண்டாம், அன்றே ஒரு படியோ கிணற்றடியோ பூசி முடித்துவிடுங்கள். கம்பியும் கடற்காற்றுக்குத் துருப்பிடிக்கும். டைல் கதை இதற்கு நேரெதிர். எப்போது ஒட்டினாலும் ஒரே நாளில், ஒரே தொகுதி இலக்கமுள்ள பெட்டிகளாக முழுவதையும் வாங்க வேண்டும். ஏன் என்று எங்கள் சுவரைக் கேளுங்கள்.

மண்ணை ஏற்றும்போதே ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மண்ணும் மேலே தண்ணீரும் விட்டுக் குலுக்கி வையுங்கள். அடங்கிய பிறகு மணலுக்கு மேல் சேறு தனிப்படையாக நிற்கும். மண்ணின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த லோடைத் திருப்பி அனுப்பலாம். கடற்கரை மண் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள உப்பு கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை உள்ளிருந்தே தின்னும். தண்ணீருக்கும் இதே கணக்கு. வாயில் வைத்தால் குடிக்க முடியாத கிணற்றுத் தண்ணீரில் கொங்கிரீட் குழைக்கக் கூடாது. நாவலடி, கல்லடிப் பக்கம் வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் வளவுகளில் இதைக் கட்டாயம் பாருங்கள். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிற வீடென்றால் அதில் குழைக்கச் சொல்லுங்கள்.

முதல் கட்டம்: கூரையும் புகையும்

மேலே ஒழுகிக்கொண்டிருக்கக் கீழே எதைச் செய்தாலும் வீண். ஓட்டுக் கூரை என்றால் உடைந்த ஓட்டை மாற்றி, மரத்தில் கறையான் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் கவனம் வேண்டும். காய்ந்த சீற்றை அரிந்தாலோ துளைத்தாலோ வரும் தூள் நெஞ்சுக்குக் கேடு. நன்றாக நனைத்துக் கைவாளால் அரியச் சொல்லுங்கள், முகமூடி போடச் சொல்லுங்கள், விழுந்த தூளை ஈரத்துணியால் எடுங்கள், தும்புத்தடியால் கூட்ட வேண்டாம். வெளிச்சம் காணாத குசினிக்கு ஒரு சீற்றை மட்டும் எடுத்துவிட்டுக் கண்ணாடிச் சீற் போட்டால் பகலில் லைட் தேவையில்லை. விறகடுப்புக்கு நேர் மேலே போடாதீர்கள், ஒரே மாரியில் மஞ்சளாகிவிடும்.

விறகடுப்பை எடுத்துவிடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். எடுக்காதீர்கள் என்பதுதான் என் பதில். 2022இல் காஸ் இல்லாமல் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்றபோது, எங்கள் ஒழுங்கையில் அடுப்பை இடித்து மேடை கட்டியவர்கள்தான் முற்றத்தில் மூன்று கல் வைத்துச் சமைத்தார்கள். தென்னை மட்டையும் சிரட்டையும் வளவிலேயே கிடைக்கிற ஊரில் அடுப்பைக் கைவிடுவது புத்தியில்லை. அடுப்பை வைத்துக்கொண்டு புகையைத்தான் வெளியேற்ற வேண்டும்.

அதற்கு அடுப்பை வெளிச்சுவரோடு ஒட்டி வையுங்கள். புகைக்கூடு கூரையைத் துளைத்துப் போகாமல் சுவருக்கு வெளிப்பக்கமாக ஏறட்டும். கூரையைத் துளைத்த இடம் எவ்வளவு பூசினாலும் மார்கழிக்கு ஒழுகும். உள்ளே குறைந்தது 9 அங்குலச் சதுரம் வேண்டும், வாய் கூரைக்கு மேலே 2 அடியாவது உயர வேண்டும். இல்லாவிட்டால் காற்று கூரையில் முட்டிப் புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். மழை விழாமல் மேலே ஒரு மூடி, நான்கு பக்கமும் இடைவெளியோடு. அடுப்புக்கு மேலே குடை மாதிரித் தகரத்தால் ஒரு கவிப்பு வைத்தால் புகை சிதறாது. அப்படியே தரையில் கிடக்கும் அடுப்பை மேடை உயரத்துக்குத் தூக்கிக் கட்டிவிடுங்கள், அம்மாமாரின் முதுகுக்கு அதைவிடப் பெரிய உதவியில்லை. மூன்று கல்லுக்குப் பதிலாக இரண்டு வாயுள்ள மண் அடுப்பை, அனகி என்று விற்பார்கள், பதித்துப் பூசினால் ஒரே விறகில் சோறும் கறியும் ஆகும்.

இந்தக் கட்டத்துக்கு இரண்டு, மூன்று நாள் வெளியில் சமைக்க வேண்டிவரும். பின்பத்தியில் காஸ் அடுப்பை ஒரு மேசையில் வைத்துச் சமாளிக்கலாம்.

இரண்டாம் கட்டம்: தண்ணீர் வருவதும் போவதும்

குசினித் திருத்தத்தில் நான் அதிகமாகக் காசு போடச் சொல்வது இதில்தான். யாரும் வந்து பார்த்துப் பாராட்டாத செலவும் இதுதான்.

முதலில் போகிற தண்ணீர். சிங்கிலிருந்து 2 அங்குல பிவிசி பைப், ஒரு அடிக்குக் கால் அங்குலம் வீதம் இறக்கம். வாழையடி 20 அடி தூரத்தில் என்றால் மொத்த இறக்கம் 5 அங்குலம். இதை மேசனிடம் வாயால் சொல்லிவிட்டுப் போனால் பத்தாது, நூல் கட்டி மட்டம் பார்க்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். எங்கள் ஊர்த் தரை தட்டையானது, கொஞ்சம் பிசகினால் தண்ணீர் பைப்புக்குள்ளேயே படுத்துவிடும். 90 பாகை முழங்கை இணைப்பை ஒரே இடத்தில் போடாமல் இரண்டு 45 பாகையாகப் போட்டால் அடைப்பு குறையும். சிங்குக்குக் கீழே வளைந்த பொறியைக் கட்டாயம் வையுங்கள். அந்த வளைவில் எப்போதும் நிற்கிற தண்ணீர்தான் நாற்றத்தையும் கரப்பானையும் மேலே வர விடாது.

வெளியே வந்ததும் ஒரு எண்ணெய்த் தொட்டி கட்டுங்கள். ஒன்றரை அடிச் சதுரத்தில் கல்லாலும் சீமெந்தாலும் ஒரு சின்னப் பெட்டி. வெளியேறும் பைப்பில் ஒரு டீ (T) வடிவ இணைப்பைப் பொருத்தி அதன் கீழ்முனை தண்ணீருக்குள் அரை அடி இறங்கி நிற்க வேண்டும். எண்ணெய் மேலே மிதக்கும், தண்ணீர் மட்டும் அடியிலிருந்து ஏறிப் போகும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை மேலே மிதக்கும் எண்ணெய் ஆடையை வழித்து எடுத்து மண்ணில் புதைத்துவிடலாம். மீன் பொரிக்கிற வீட்டில் இது இல்லாவிட்டால் எந்தப் பைப்பும் இரண்டு வருடம் தாங்காது.

கழிவுத் தண்ணீரைக் கிணற்றிலிருந்து 50 அடிக்கு அப்பால் விட வேண்டும் என்பது பொது விதி. 10 பேர்ச் வளவு ஏறக்குறைய 52 அடிக்கு 52 அடிதான், அங்கே 50 அடியை எங்கே தேடுவது? அப்படியான வளவில் கிணற்றுக்கு நேர் எதிர் மூலையைப் பிடியுங்கள். ஆழக் குழி வெட்டாதீர்கள், மாரியில் அது ஊற்றுத் தண்ணீரோடு கலந்துவிடும். ஒரு அடி, ஒன்றரை அடி ஆழத்தில் அகலமான பள்ளம், அடியில் உடைந்த கல்லும் சிரட்டையும், சுற்றிவர வாழை நாலைந்து. குலையும் கிடைக்கும், தண்ணீரும் தேங்காது. தேங்கினால் நுளம்பு வரும், டெங்கு வருகிற ஊரில் அதை விளையாட்டாக எடுக்க முடியாது.

வருகிற தண்ணீருக்கு இரும்புக் குழாயை மறந்துவிடுங்கள், எல்லாம் பிவிசி. குசினிக்குள் நுழையும் இடத்தில் தனியாக ஒரு வால்வு வையுங்கள். அடுத்த கட்டத்தில் வேலை செய்யும்போது முழு வீட்டுத் தண்ணீரையும் நிறுத்த வேண்டியதில்லை. இப்போது காசில்லாவிட்டாலும் பின்னாளில் எங்கெங்கே குழாய் வேண்டுமோ அங்கெல்லாம் பைப்பைக் கொண்டுபோய் முனையை மூடிவிடுங்கள். நாங்கள் பின்முற்றத்துக்கு ஒன்று இழுத்து மூடிவைத்தோம். இரண்டு வருடம் கழித்து அங்கே மீன் கழுவத் தாழ்வாக ஒரு தொட்டி கட்டியபோது எதையும் உடைக்கவில்லை. இறாலும் நண்டும் திருக்கையும் வெளியே வெட்டிக் கழுவிவிட்டு உள்ளே வந்தால் குசினி பாதிச் சுத்தம்.

பைப்பைப் பூசி மூடுவதற்கு முன், அளவு நாடாவைச் சுவரில் பிடித்துப் போனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு எங்கே ஆணி அடிக்கலாம் என்று அந்தப் படம் சொல்லும்.

உப்புப் பூத்த சுவர்

பழைய வீடுகளில் அடியிலிருந்து ஈரம் ஏறிச் சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அதன் மேல் பெயின்ட் அடித்தால் ஒரு மாரிக்குள் உரியும், டைல் ஒட்டினால் பெயர்ந்து விழும். ஈரம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறதோ அதற்கு மேல் ஒரு அடி வரை பூச்சைக் கொத்திவிட்டு, ஒரு கோடை முழுக்கச் சுவரை அம்மணமாகக் காய விடுங்கள். உப்பைக் கம்பித் தூரிகையால் உலர்வாகத் தட்டி எடுங்கள், கழுவினால் திரும்ப உள்ளே போகும். பிறகு நீர்த்தடுப்பு மருந்து கலந்து, சீமெந்து 1க்கு மண் 5 என்ற கலவையில் பூசலாம். 100 சதுர அடிக்கு அரை அங்குலத் தடிப்பில் பூச முக்கால் பை சீமெந்து பிடிக்கும். கொத்திய சுவரோடு ஒரு கோடை இருப்பது அழகில்லைதான். ஆனால் காசு சேர்கிற காலமும் அதுதானே.

மூன்றாம் கட்டம்: கரண்ட்

பூச்சுக்கு முன்னே இது முடிய வேண்டும். பழைய வீட்டில் உருண்டை முள் 5 ஆம்பியர் பிளக் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். 2000 வாட் கேத்தல் ஒன்று 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதை 5 ஆம்பியர் பொயின்டில் மாற்றியைப் போட்டுக் குத்தினால் வயர் சூடாகி உருகும். கேத்தல், ரைஸ் குக்கர், கிரைண்டர் மூன்றையும் ஒரே நீட்டுப் பலகையில் குத்துகிற வீடுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன், என்னுடையதும் அப்படித்தான் இருந்தது.

குசினிக்கென்று மெயின் பலகையிலிருந்து தனி வயர் இழுங்கள். பிளக் பொயின்டுக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், கடையில் 7/0.67 என்று கேட்டால் தருவார்கள். எல்லாம் 13 ஆம்பியர் சதுர முள். மேடைக்கு மேலே 8 அங்குல உயரத்தில் குறைந்தது மூன்று வேண்டும், பிரிட்ஜுக்குத் தனியாக ஒன்று. சிங்கிலிருந்து ஒரு அடிக்குக் கிட்ட எதுவும் வேண்டாம். காசு போதாவிட்டால் வயரையும் பொயின்டையும் பிறகு போடலாம், ஆனால் வெறும் பைப்பை இப்போதே சுவருக்குள் புதைத்து உள்ளே ஒரு நூலை விட்டுவிடுங்கள். நாளைக்கு அந்த நூலைக் கட்டி வயரை இழுத்துக்கொள்ளலாம்.

கரண்ட் கசிந்தால் தானே விழுந்து நிறுத்துகிற 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீடென்றால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதைப் போடுங்கள். மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், விழாவிட்டால் மாற்ற வேண்டும். எங்கள் மணல் நிலத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. காய்ந்த மணல் கரண்டை நிலத்துக்குள் லேசில் விடாது. ஏர்த் கம்பி ஈரம் இருக்கிற ஆழத்துக்கு இறங்கியிருக்கிறதா என்று ஆவணி வெயிலில் அளக்கச் சொல்லுங்கள். மாரியில் அளந்தால் எல்லாம் சரி என்றுதான் காட்டும்.

காஸ் சிலிண்டரின் இடத்தையும் இப்போதே முடிவுசெய்யுங்கள். காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையோடு படுக்கும். அதனால் கதவு போட்டு மூடிய அலுமாரிக்குள் சிலிண்டரை வைப்பது ஆபத்து. 2021 கடைசியில் நாடெங்கும் காஸ் வெடித்த செய்திகள் வந்தபிறகு நாங்கள் சிலிண்டரைச் சுவருக்கு வெளியே, தாழ்வாரத்தின் கீழ் வைத்துவிட்டோம். குழாய் சுவரைத் தாண்ட ஒரு துண்டு பிவிசி பைப்பைப் பதித்தால் போதும். உள்ளேதான் வைக்க வேண்டும் என்றால் தரை மட்டத்தில் காற்றுப் போக ஓட்டை விடுங்கள். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் சவர்க்காரத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

நான்காம் கட்டம்: மேடை

இப்போதுதான் குசினி குசினி மாதிரித் தெரியத் தொடங்கும். 3 அங்குலத் தடிப்பு, 2 அடி அகலம், 10 மில்லிமீற்றர் கம்பி இரண்டு பக்கமும் 6 அங்குல இடைவெளியில், கீழே 3 அடிக்கு ஒரு கல்லுச் சுவர் தாங்கும்படி. கலவை சீமெந்து 1க்கு மண் 2, சல்லி 4. எங்கள் மேடை ஒரு சுவரில் 10 அடியும் மற்றச் சுவரில் 4 அடியும், ஆக 14 அடி. கணக்குப் பார்த்தால் 7 கன அடிக் கொங்கிரீட், சீமெந்து ஒன்றேகால் பைதான். ஆறு பை வேண்டும் என்று சொன்ன ஆளும் உண்டு. இந்தக் கணக்கைக் கொப்பியில் போட்டுக் காட்டியபோது கால்சுவர், பூச்சு எல்லாம் சேர்த்துத்தான் சொன்னேன் என்றார். இருக்கலாம். ஆனாலும் கணக்குத் தெரிந்த வீட்டுக்காரிக்கு ஒரு மரியாதை கிடைக்கிறது.

ஊற்றிய பிறகு நனைத்த சாக்கைப் போர்த்தி ஏழு நாளாவது ஈரம் காயாமல் வையுங்கள், பத்து நாளைக்கு அடிப்பலகையைக் கழற்ற வேண்டாம். காஸ் அடுப்பு வைக்கும் இடத்தை மட்டும் 4 அங்குலம் தாழ்த்தி ஊற்றுங்கள். அடுப்பின் உயரமும் பானையின் உயரமும் சேர்ந்தால் சோறு கிண்டும்போது கை தோளுக்கு மேலே போகும், அந்த 4 அங்குலம் அதைச் சரிக்கட்டும்.

யாரும் சொல்லித்தராத ஒன்று: மேசை விளிம்பில் திருகிப் பொருத்துகிற திருவலை 3 அங்குல மேடையில் பிடிக்காது, அதன் வாய் அவ்வளவு விரியாது. ஊற்றும்போதே ஒரு முனையில் முதிரைப் பலகைத் துண்டு ஒன்றை வெளியே நீட்டிப் பொருத்த இரண்டு போல்ட்டைக் கொங்கிரீட்டில் பதித்துவிடுங்கள். தேங்காய் திருவாமல் எந்தக் குசினி இருக்கிறது?

மேற்பரப்புக்கு முழுவதும் கிரனைட் தேவையில்லை. வெட்டுகிற, மா குழைக்கிற 4 அடிக்கு மட்டும் போதும். கடைகளில் பெரிய பலகை அறுத்து மிஞ்சிய துண்டுகள் மலிவாகக் கிடைக்கும், உங்கள் அளவைக் கொடுத்துவைத்தால் எடுத்துவைப்பார்கள். மிச்ச இடத்துக்குப் பெரிய டைல் போடலாம். சின்ன டைல் வேண்டாம், இணைப்பு கூடக் கூட மஞ்சள் கறை கூடும்.

கூலி விஷயம் இங்கே சொல்லிவிடுகிறேன். மறைந்து போகிற வேலை, அதாவது பைப், வயர், கம்பி கட்டுவது, எல்லாவற்றையும் நாள் கூலிக்குக் கொடுத்துப் பக்கத்தில் இருங்கள். கொந்தராத்துக்குக் கொடுத்தால் வேகம்தான் லாபம், மூடிவிட்டால் ஒன்றும் தெரியாது. அளந்து பார்க்கக்கூடிய டைல், பூச்சு வேலைகளைச் சதுர அடிக் கணக்கில் கொந்தராத்தாகக் கொடுக்கலாம். தேத்தண்ணி, மத்தியானச் சாப்பாடு யார் பொறுப்பு, மிஞ்சிய சாமான் யாருக்கு என்பதையும் முதல் நாளே பேசுங்கள். பத்தில் ஒரு பங்குக் காசைக் கடைசி வரை கையில் வைத்திருங்கள். "மறுகா வந்து செஞ்சு தாறன் டீச்சர்" என்று எங்கள் மேசன் அண்ணன் சொன்னால் அது சித்திரையா மார்கழியா என்று அந்தக் காசுதான் தீர்மானிக்கும்.

ஐந்தாம் கட்டம்: தரையும் டைலும்

120 சதுர அடித் தரைக்கு, 2 அடி என்று விற்கிற 60 சென்டிமீற்றர் டைல் 31 பிடிக்கும். உடைவுக்குப் பத்து வீதம் சேர்த்தால் 34. பெட்டிக்கு நான்கு என்றால் 9 பெட்டி. தரைக்கு மினுக்கம் இல்லாத, சொரசொரப்பான டைலே வாங்குங்கள், ஈரக் காலோடு நடக்கிற இடம் இது. அடுப்புக்குப் பின்சுவருக்கு 2 அடி உயரம் போதும், கூரை வரை ஒட்டுவது காசைச் சுவரில் அப்புவது.

டைலுக்குக் காசு வரவில்லையா? சிவப்புச் சீமெந்துத் தரை போடுங்கள். அம்மம்மா போட்டது இன்னும் எங்கள் மண்டபத்தில் கிடக்கிறது, டைலைவிடக் குளிர்ச்சி. பிறகு ஒருநாள் அதன் மேலேயே டைலும் ஒட்டலாம்.

பாதிப் பாதியாகச் செய்வதுதான் இங்கே சூட்சுமம். அடுப்புப் பக்கப் பாதியை ஒரு கிழமை, சிங்க் பக்கப் பாதியை மறு கிழமை. மேசன் முணுமுணுப்பார், நாள் ஒன்று கூடும், ஆனால் வீட்டில் சமையல் நிற்காது.

கடைசியில் அலுமாரி

மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎப் பலகை எங்கள் ஈரத்துக்கு ஊதும், கறையானுக்கும் பிடிக்கும். அலுமினியப் பென்ட்ரி அலுமாரி நல்லது, கதவு கதவாகப் பிறகும் சேர்க்கலாம். முதலில் சிங்குக்குக் கீழும் சாமான் வைக்கிற ஒரு தட்டுக்கும் மட்டும் போட்டு, மற்ற இடத்துக்குத் துணித் திரை கட்டியே நாங்கள் ஒரு வருடம் ஓட்டினோம். பிணைச்சல் எல்லாம் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும், காந்தம் ஒட்டுகிறதை வாங்காதீர்கள். மரமே வேண்டும் என்றால் இடித்த வீட்டுக் கதவு, யன்னல் விற்கிற இடத்தில் பழைய முதிரைப் பலகை தேடுங்கள், நல்ல ஓடாவி ஒருவர் அதில் தட்டு அடித்துத் தருவார்.

பெயின்ட் தை கழிந்த பிறகு. வெளிர் நிறம், கழுவக்கூடியது, அவ்வளவுதான்.

மிஞ்சிய டைல் நான்கைந்தைப் பரணில் வையுங்கள். பெட்டியில் உள்ள தொகுதி இலக்கத்தையும் பைப் படத்தின் பிரதி ஒன்றையும் அதோடு கட்டிவையுங்கள். எங்கள் பரணில் இப்போது ஆறு டைல் இருக்கிறது, எல்லாம் அந்த வேறு வெள்ளை.